டிஸ்கோ பாட்டில் எங்கள் வளவுத் தட்டு

கை தட்டும் ஓசையைக் கேட்டே தட்டுகிறவள் யார் என்று நான் சொல்லிவிடுவேன். அன்னூர்ப் பக்கம், ஊருக்கு வெளியே எங்கள் ஜனம் குடியிருக்கும் வளவில், மாரியம்மன் நோம்பிக்குக் கும்மி அடிக்கும்போது, இருபது பேர் சுற்றி வந்தாலும் ஒருத்தி கை பிந்தினால் எனக்குத் தெரியும். யார் கை என்றும் தெரியும். உள்ளங்கையைக் குவித்துத் தட்டுகிறவள் ஓசை ஒரு மாதிரி, விரலை விறைப்பாக வைத்துத் தட்டுகிறவள் ஓசை வேறு மாதிரி. பள்ளிக்கூடம் போகாதவளுக்குக் காது நன்றாக வேலை செய்யும். எழுத்துக் கூட்டி எழுதப் பழகியதே ஐம்பது வயதுக்கு மேல்தான். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

இப்போது எழுத வந்தது ஒரு டிஸ்கோ பாட்டைப் பற்றி. சிரிக்க வேண்டாம்.

கோயமுத்தூரில் ஒரு வீட்டில் நான் சமைக்கிறேன். ஆறு வருஷமாகிறது. வீட்டில் இரண்டு பேர்தான், ஐயாவும் அம்மாவும். அவர்களும் எழுபதைத் தாண்டியவர்கள், நானும் தாண்டியவள். அவர்கள் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். சண்டை வந்தால் தமிழுக்கு வந்துவிடுவார்கள், எனக்கும் புரியட்டும் என்று. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "தனி டம்ளர்ல குடிக்கற ஆளு நான் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். அம்மா இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். "எந்த டம்ளர் வேணுமோ எடுத்துக்குங்க அம்மணி, கழுவறதும் நீங்கதானே" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டையும் சிநேகமும் கூடவே நடக்கிறது.

ஐயா நெசவு மிஷின் ஃபிட்டர். பிறந்தது அன்னூர்ப் பக்கம், தோட்டங்காடு வைத்திருந்த வீட்டில். வாலிபத்தில் அமெரிக்கா போய், நியூ ஜெர்சி என்ற ஊரில் ஒரு மில்லில் ஏழெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த பெரிய சொத்து, ஒரு பெட்டி நிறைய ரிக்கார்டு. காலைப் பலகாரம் முடிந்ததும் ஒன்றைச் சுழலவிடுவார். எல்லாம் டிஸ்கோ. டும் டும் டும் டும் என்று நெஞ்சுக்குள்ளேயே மாவு இடிக்கிற மாதிரி இருக்கும். முதலில் எனக்குத் தலைவலி வந்தது. ஒரு மாதம் போனதும், அந்தச் சத்தம் இல்லாவிட்டால் பாத்திரம் கழுவக் கை ஓடவில்லை.

அதில் ஒரு ரிக்கார்டை மட்டும் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருப்பார். அட்டையில் இரண்டு ஆண், இரண்டு பெண், வெள்ளி மாதிரி மின்னுகிற துணி உடுத்திக்கொண்டு இடுப்பை ஒரு பக்கம் தள்ளி நிற்பார்கள்.

"இந்த நாலு பேரு பாடினதுங்களா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"இதுல ஒருத்தரும் பாடல அம்மணி!" என்று நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "இவங்க போட்டோவுக்கு நின்ன ஆளுங்க!"

பிறகு அவர் சொன்னதை என் புத்திக்கு எட்டியபடி சொல்கிறேன். அவர் மில் இருந்த கட்டடத்தில் கீழ்த்தளத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் பாட்டுப் பதிவு செய்கிற ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். அப்பன் ஆத்தாள் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், பிள்ளைகள் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். கல்யாண வீடுகளில் வாசித்துப் பிழைத்த குடும்பம். அப்போதுதான் டிஸ்கோ கிளம்பியது. நடனம் ஆடுகிற கிளப்புகளுக்கு வாராவாரம் புதுப் பாட்டு வேண்டும். பாட்டுக்குழு ஒன்று உண்டாகி, ஊர் ஊராகப் போய்ப் பேர் வாங்கி, அப்புறம் ரிக்கார்டு போடுவதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? அண்ணன் டிரம், தம்பி ஆர்கன், சர்ச்சில் பாடுகிற ஒரு கறுப்பினப் பெண், ஒரு நாள் கூலிக்கு வருகிற வயலின்காரர்கள், இவர்களைக் கூட்டி முதலில் பாட்டைச் செய்துவிடுவார்கள். மத்தியானம் சாப்பிடும்போது குழுவுக்கு ஒரு பேர் வைப்பார்கள். அடுத்த வாரம் அதே ஆட்கள், வேறு பேர். அந்தப் பக்கத்து இத்தாலிக்காரப் பிள்ளைகள் பல பேர் இப்படித்தான் மேலே வந்தார்களாம். பாட்டு கிளப்பில் பற்றிக்கொண்டு ரேடியோ வரைக்கும் ஏறிவிட்டால், அந்தக் குழுவைக் காட்டு என்று ஜனம் கேட்கும். குழு எங்கே இருக்கிறது? ஸ்டுடியோவுக்கு வெளியே அப்படி ஒன்றே கிடையாது. அவசரமாக நாலு அழகான ஆட்களைப் பிடித்து, மின்னுகிற துணி மாட்டி, மேடையில் வாயசைக்க விட்டுவிடுவார்களாம்.

"நம்ம கல்யாண மண்டபத்துச் சமையலு மாதிரிங்க" என்றேன். "போர்டுல காண்ட்ராக்டரு பேரு. வெங்காயம் உரிக்கறது நாங்க."

"அதேதான் அம்மணி! அதுல வெங்காயம் உரிச்சவன்ல நானும் ஒருத்தன்."

ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்திருக்கிறது. கீழே இருந்து தம்பிக்காரன் ஓடிவந்து, "ரெண்டு கை இருக்கிற ஆள் யாராவது வாங்க" என்று கூப்பிட்டானாம். ஐயா போயிருக்கிறார். ஐந்து பேர் மைக்கைச் சுற்றி நின்று பாட்டு முழுக்கக் கை தட்டினார்கள். அந்தப் பாட்டுதான் இந்த ரிக்கார்டு.

"இதுல கேக்கற கைத்தட்டுல ஒண்ணு என்னுது" என்றார்.

அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "கல்யாணம் ஆன நாளா இதையேதான் சொல்றாரு. எங்க சின்ன மாமனாரு கருமாதிக்கு வந்தவங்ககிட்டக்கூடச் சொன்னாரு."

"நான் பொய் சொல்றனா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? தட்டியிருப்பீங்க. அதுல உங்க கை தனியாக் கேக்குதுங்கறீங்களே, அதைச் சொல்றேன். கைத்தட்டுக்கு ஏதுங்க மொகம்?"

எனக்குச் சுருக்கென்றது. கைத்தட்டுக்கு முகம் இல்லையா? ஆனால் அது அவர்கள் சண்டை. நான் தோசையைத் திருப்பப் போய்விட்டேன்.

இந்த வருஷம், நோம்பி சாட்டுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஐயாவின் போனுக்கு நியூ ஜெர்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த அண்ணன்காரருடைய மகள் எழுதியிருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் செத்துப்போனார்கள், அந்தப் பாட்டை மறுபடி ரிக்கார்டாகப் போடப் போகிறேன், பழைய அட்டையில் ஒருவர் பேரும் இல்லை, இந்தத் தடவை பாடினவர், வாசித்தவர், கை தட்டினவர் எல்லோர் பேரும் வர வேண்டும் என்று. பழைய டேப் வைத்திருந்த டப்பாவில், கை தட்டினவர்கள் என்று பென்சிலில் நாலு பேர் பெயர் இருந்ததாம். ஐந்தாவதாக "மேல்மாடி மில் ஆள்" என்று மட்டும் இருந்ததாம். மில்லில் இருந்தவர்களோ அறுபது பேர். யாரோ ஒரு பழைய ஆள், "இந்தியாக்கார ஃபிட்டர் ஒருத்தர் இருந்தாரே, அவராக இருக்கும்" என்று சொல்லப்போய்த் தேடிப் பிடித்திருக்கிறாள். ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, இல்லாவிட்டால் "பெயர் தெரியாத ஒருவர்" என்று போட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தாள்.

ஐயாவிடம் என்ன இருக்கிறது? போட்டோ இல்லை, சீட்டு இல்லை. தட்டிக் காட்டலாம் என்றால் இப்போது கை நடுக்கம். காபியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். அன்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார்.

"பேரு தெரியாதவன்னு போட்டுருவாங்க அம்மணி" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கைத்தட்டு மட்டும் தனியாக் கெடைக்குமான்னு கேளுங்க. நான் உங்க கையைக் கண்டுபுடிச்சுத் தாரனுங்க" என்றேன்.

அந்த நியூ ஜெர்சிக்காரி இரண்டு பதிவு அனுப்பினாள். ஒன்றில் கைத்தட்டு மட்டும். இன்னொன்றில் கைத்தட்டு இல்லாத பாட்டு. பழைய டேப்பில் எல்லாம் தனித்தனியாக இருக்குமாம். அம்மா என் போனில் அதைப் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் கேட்டேன். கேட்கக் கேட்க ஐந்து கையும் பிரிந்து வந்தன. ஒருவர் மோதிரம் போட்டிருக்கிறார். ஒரு பெண், சின்னக் கை. ஒருவர் கை காய்ப்புக் காய்த்த கை, ஓசை வறண்டிருக்கிறது. எல்லாம் சரி. இதில் ஐயாவின் கை எது? அவரையே கேட்டுச் சொன்னால் அது அத்தாட்சி ஆகாது. அவருடைய வாலிபக் கையை நான் எங்கே கேட்டேன்? காய்ப்புக் கை என்று சொல்லலாம், ஆனால் மில்லில் அறுபது பேருக்கும் காய்ப்புதான்.

"என்னங்க அம்மணி, மொகம் தெரிஞ்சுதா?" என்று வியாழக்கிழமை காலையில் அம்மா கேட்டார். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது.

அன்று பதினோரு மணி இருக்கும். குக்கர் அடங்கக் காத்துக்கொண்டிருந்தேன். கை சும்மா இருந்தது. போனில் அந்தக் கைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. இனி ஓசையைப் பிரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டு, கூடவே தட்ட ஆரம்பித்தேன். சமையலறையிலேயே ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே. எட்டுத் தட்டுப் போனால் ஒரு சுற்று. எட்டு முடிந்ததும் என் கை தானாக ஒரு சின்னத் தட்டுச் சேர்த்துப் போட்டது.

போனுக்குள்ளேயும் ஒரு கை போட்டது!

மறுபடி தட்டினேன். எட்டு, அதற்குப் பின்னால் ஒரு கொசுறு. போனுக்குள் மற்ற நாலு பேரும் எட்டோடு நிறுத்துகிறார்கள், அந்தக் காய்ப்புக் கை மட்டும் ஒரு கொசுறு போடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும்! இரண்டு நாளாக அதைத் தப்புத் தட்டு என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறேன். நியூ ஜெர்சிக்காரர்களுக்கு அது தப்புதான். எங்களுக்கு அது தப்பில்லை. சுற்று முடிந்து திரும்பப் போகிறோம் என்று பின்னால் வருகிறவளுக்குச் சொல்கிற தட்டு அது. கும்மியில் பழகின கை, அதைப் போடாமல் நிற்காது.

கரண்டியைப் போட்டுவிட்டு ஐயாவிடம் ஓட நினைத்தவள், வாசற்படியில் நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்தக் கொசுறு ஊரார் தெருக் கும்மியில் கிடையாது. அவர்கள் எட்டோடு திரும்பிவிடுவார்கள். அது வளவுக் கும்மி. எங்கள் ஜனத்துத் தட்டு. தோட்டங்காட்டுக்காரர் வீட்டுப் பையன் கைக்கு இது எப்படி வந்தது?

ஐயா தனியாக இருந்தபோது கேட்டேன். "ஏனுங்க, கும்மி எங்க கத்துக்கிட்டீங்க?"

முகம் மாறிவிட்டது. "ஏன் அம்மணி?"

தட்டிக் காட்டினேன். எட்டும் ஒன்றும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உட்டுருங்க. பேரு வராட்டிப் போகுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வளவுல கத்துக்கிட்டதுன்னு சொல்ல வெக்கமுங்களா?"

"வெக்கமில்ல அம்மணி" என்றார்.

"நீங்க எதையும் சொல்ல வேண்டாம். தட்டை மட்டும் நான் காட்டறேன். அது எங்குளுது, அதைக் காட்ட எனக்குப் பாத்தியம் இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அங்கே அவர்களுக்குக் காலை நேரமாம். அம்மாதான் வீடியோவில் நியூ ஜெர்சிக்காரியைக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், சுருட்டை முடி, கையில் பெரிய காபிக் கோப்பை. நான் என் நாத்தனாரை வரவழைத்திருந்தேன். அவளும் எங்கள் வளவில் பிறந்தவள். பாட்டையும் கேட்டதில்லை, விஷயமும் தெரியாது.

"எதுக்கு அண்ணி வரச் சொன்ன? நோம்பி நாளைக்கா?"

"வாயை மூடிட்டுக் கும்மி அடி" என்றேன். அம்மா கைத்தட்டு இல்லாத பாட்டை ஓடவிட்டார்.

"இந்த டும் டும்முக்கா?"

"அதுக்குத்தான்."

நாத்தனார் முந்தானையைச் சொருகிக்கொண்டு சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக் கிளம்பிவிட்டாள். நான் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எட்டுத் தட்டினாள். கொசுறு போட்டாள். திரும்பினாள். மறுபடி எட்டு, கொசுறு. போனில் நியூ ஜெர்சிக்காரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இருங்க, இருங்க" என்றார் அம்மா. "நானும் சின்னதுல கும்மி அடிச்சவதான். இதெல்லாம் எல்லாக் கும்மிக்கும் பொதுவா இருக்கும்." மூட்டுவலியோடு எழுந்து அவரும் தட்டினார். எட்டோடு திரும்பினார். மறுபடி எட்டோடு திரும்பினார். மூன்றாம் சுற்றில் அவரே நின்று, நாத்தனார் கையைப் பார்த்தார். "எங்குளுதுல இது இல்லியே" என்றார்.

"இல்லீங்க. வளவுலதான் உண்டு" என்றேன்.

பிறகு கைத்தட்டு மட்டும் உள்ளதைப் போடச் சொன்னேன். எட்டு. கொசுறு. நியூ ஜெர்சிக்காரி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு கத்தினாள். அவள் இங்கிலீஷில் சொன்னதை அம்மா சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "அந்தக் கூடுதல் தட்டைக் கேட்டுத்தான் சின்ன வயசுல இவ டான்ஸ் ஆடுவாளாம். தப்பா விழுந்ததை எடுத்துறலாம்னு சித்தப்பன் சொன்னப்ப, இவ அப்பன், அது இருந்தாத்தான் கால் திரும்புதுன்னு விட்டுட்டாராம்."

கால் திரும்பத்தானே அந்தத் தட்டு! கடல் தாண்டி, எங்கள் பாஷை தெரியாத மனுஷனுக்குக்கூட அது புரிந்திருக்கிறது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அம்மா ஐயா பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

நான் கீழே பார்த்துக்கொண்டேன். ஐயா கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். பத்து வயதில், நோம்பி நாட்களில் வீட்டுக்குத் தெரியாமல் வளவுக்கு ஓடிப்போவாராம். அவர்கள் தோட்டத்தில் களை வெட்ட வருகிற ஒரு பெண், இவர் கையைப் பிடித்துச் சுற்றில் விட்டுக் கும்மி பழக்கினாளாம். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் வேலை போயிற்று. சுற்றி இருந்த எந்தத் தோட்டத்திலும் சேர்க்கவில்லை. குடும்பத்தோடு சத்தியமங்கலம் பக்கம் போய்விட்டார்கள். அதற்கு அப்புறம் ஐயா பார்க்கவேயில்லை.

"என்னாலதான் போனாங்க" என்றார். "மைக்கு முன்னால நின்னப்ப கை தானாப் போட்டுருச்சு. அன்னைக்குத் தெரிஞ்சுது, கையை உட்டு அது போகலைன்னு."

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். போனுக்குள் நியூ ஜெர்சிக்காரி, என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னார். ஒன்றையும் விடாமல் சொன்னார் என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

அவள் ஏதோ சொன்னாள். "அஞ்சாவது பேரு உங்களுதாமுங்க. இப்பவே எழுதிட்டாளாம்" என்றார் அம்மா.

நானும் நாத்தனாரும் ஒன்றாகக் கூவிவிட்டோம். ஐயா சிரிக்கவில்லை. "அந்தம்மா பேரையும் போடச் சொல்லு" என்றார்.

"எந்தம்மா?"

"தட்டினது நான். தட்டு அவுங்குளுது." அந்தப் பெண்ணின் பேரைச் சொன்னார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு நொடி யோசிக்கவில்லை.

அம்மா அதை இங்கிலீஷில் சொன்னதும் நியூ ஜெர்சிக்காரி தயங்கினாள். அட்டையில் ஐந்து வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறதாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் அச்சுக்குப் போகிறதாம். ஸ்டுடியோவுக்கே வராத ஒருவர் பேரை எப்படிப் போடுவது என்றும் கேட்டாள் போல.

அம்மா முதுகை நிமிர்த்தினார். முப்பது வருஷம் வகுப்பை அடக்கிய முதுகு. போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினார். சத்தம் போடவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக எடுத்து வைத்தார். கடைசியில் அந்தப் பெண்ணின் பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, எழுதிக்கொண்டாளா என்று நின்று பார்த்து, அடுத்த எழுத்தைச் சொன்னார். நாத்தனார் என் காதில், "இந்தம்மா பாடம் எடுத்தா நானே பாஸ் ஆயிருப்பேன் அண்ணி" என்றாள்.

நியூ ஜெர்சிக்காரி குனிந்து எழுதினாள். எழுதியதைத் தூக்கிப் போனுக்கு நேராகக் காட்டினாள். அம்மா உற்றுப் பார்த்து, ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னார். அவள் திருத்திவிட்டு, "எஸ் மேடம்" என்றாள்.

அந்த இங்கிலீஷ் எனக்கே புரிந்தது.